அவசர சிலிண்டர் எத்தனை நிமிடம் வரும்?

1941 டிசம்பர் 8 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' போர்க்கப்பலை இரண்டே நாளில் ஜப்பானிய விமானங்கள் குவாந்தான் அருகே மூழ்கடித்தன. கிடப்பது சுமார் 68 மீட்டர் ஆழத்தில். அங்கே ரீபிரீதர் என்னும் மூச்சுக் கருவியுடன் இறங்குபவர் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறார். சோடா சுண்ணாம்பு அதிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடும். சுண்ணாம்பு கைவிட்டால்? மூச்சிரைக்கும், வாய்க்குழாயைக் கழற்றி வேறொன்றைக் கவ்வவே முடியாமல் போகலாம். வாயிலிருந்தபடியே தனி சிலிண்டருக்கு மாற்றும் வால்வு உண்டு. என்னைக் கேட்டால் முதல் செலவு அதற்குத்தான்.

பிறகு அந்தச் சிலிண்டரின் கணக்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு அங்கே, ஏறக்குறைய 7.8 மடங்கு அழுத்தத்தில், 156 லிட்டர் வேண்டும். 200 பாரில் நிரப்பிய 11 லிட்டர் சிலிண்டர் 14 நிமிடம்தான் வரும். இரைக்க இரைக்க இழுத்தால் பாதிகூடத் தேறாது. வெறும் காற்றும் ஆகாது, நைட்ரஜன் மயக்கும். ஹீலியம் கலக்க வேண்டும்.