பத்திரிகையில் வளையும் எழுத்து

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். அவரைக் குலசாமியாகக் கும்பிடும் குடும்பங்களில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை சாமிக்குத்தான். அந்தப் பத்திரிகையில் மணமக்கள் பெயர் மட்டும் கொடிபோல வளைந்து, சரிந்து நிற்கும். அச்சகத்தில் இதை ஸ்கிரிப்ட் ஃபாண்ட் என்பார்கள். பேனாவோ தூரிகையோ ஓடிய தடத்தை எழுத்தில் காட்டும் வடிவம் அது.

வளைவு நமக்குப் புதிதல்ல. பாண்டிய நாட்டின் பழைய எழுத்துக்குப் பெயரே வட்டெழுத்து. மதுரை ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கி.பி. 770ஆம் ஆண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. சோழர் ஆட்சி இங்கே நிலைகொண்ட பிறகுதான் தமிழெழுத்து அதன் இடத்துக்கு வந்தது. ஓலையில் நேர்கோடு இழுத்தால் நார்வாக்கில் கிழியும், அதனால் எழுத்து வளைந்தது என்று சொல்வதுண்டு. எழுத்தாணியின் கீறல் எங்கும் ஒரே கனம். தடிப்பும் மெலிவும் வேண்டுமென்றால் பட்டை நிப் வேண்டும்.

பட்டை நிப்பைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, கோணம் மாறாமல் ஒரு 'ட' எழுதிப் பாருங்கள். கீழே இறங்கும் கோடு தடிக்கும். வலப்பக்கம் ஓடும் கோடு மெலியும். 'வ' எழுதினால் அந்தத் தடிப்பு வளைவுக்குள்ளேயே மெல்லக் கரைந்து மறுபடி திரளும். அழகு முழுக்க அந்த இடத்தில்தான்.

ஆங்கிலக் கூட்டெழுத்தில் ஒரு எழுத்தின் வால் அடுத்ததைத் தொட்டு ஓடும். அச்சுத் தமிழில் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. ஆகவே ஓட்டத்தைச் சாய்விலும் முடிப்பிலும்தான் காட்ட வேண்டும். ஆங்கில எழுத்தின் சுருள்களை வெட்டி 'க'வின் தலையில் ஒட்டினால் அது தமிழ் வடிவம் ஆகாது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கிய கவிவனார் எழுத்துரு, தமிழ்க் கையெழுத்தின் சாய்விலிருந்தே பிறந்தது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது.

இப்படி ஒரு தமிழ் எழுத்துருவை வரைவதில் உழைப்பு அதிகம். 'கு', 'சு', 'து' மூன்றிலும் உகரம் ஒன்றுதான், உருவம் வேறு வேறு. அதனால் உகர, ஊகார எழுத்துகளைத் தனித்தனியே வரைய வேண்டும். 'கொ' எழுதக் கொம்பு முன்னே, கால் பின்னே. 'கீ'யின் சுழி மேலே எழும்பும், 'ழு'வின் வால் கீழே தொங்கும். வரிகளை நெருக்கி அடுக்கினால் மேல்வரி வாலும் கீழ்வரிச் சுழியும் முட்டிக்கொள்ளும். ஆகவே வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்.

பெயர், புத்தகத் தலைப்பு, கடைப் பலகை, காலண்டரின் மேல்வரி: இவை ஸ்கிரிப்ட் ஃபாண்டுக்கு உரிய இடங்கள். முகூர்த்த நேரம், மண்டப முகவரி, போன் நம்பர் எல்லாம் சாதாரண எழுத்தில் இருக்கட்டும். தங்க ஃபாயிலில் அடிப்பதென்றால் மயிரிழைக் கோடுகள் உள்ள ஃபாண்டைத் தவிர்ப்பது நல்லது. ஃபாயில் சரியாக ஒட்டாமல் கோடு விட்டுப்போகும்.

பக்கத்திலேயே சிவகாசி இருப்பதால் இந்தப் பகுதிக்காரர்களுக்கு அச்சு வசதிக்குப் பஞ்சமில்லை. அடுத்த முறை பத்திரிகை அடிக்கும்போது, ப்ரூஃபை வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பெயரைத் தடங்கலில்லாமல் வாசித்தார் என்றால் அச்சுக்கு அனுப்புங்கள்.