வெளிநாட்டு மீட்பு நாய்களைத் தத்தெடுத்தல்

வெளிநாட்டு மீட்பு நாய்களைத் தத்தெடுத்தல் என்பது பிற நாட்டுத் தெருக்களில் இருந்தும் காப்பகங்களில் இருந்தும் மீட்கப்பட்ட நாய்களை வரவழைத்து வளர்ப்பதைக் குறிக்கும். உருமேனியாவில் இருந்து பல நாய்கள் இவ்வாறு பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்படுகின்றன. உரிமை கோரப்படாத தெருநாய்களைக் கொல்ல அந்நாட்டில் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது.

விதிமுறைகள்

நுண்சில்லு பொருத்திய நாய்க்கு 12 வார வயதின் பின்னரே வெறிநோய்த் தடுப்பூசி இடப்படும். அதன்பின் 21 நாட்கள் கழிய வேண்டும். எனவே 15 வாரத்துக்குக் குறைந்த குட்டியை உடனே அனுப்புவதாகக் கூறுவது ஐயத்துக்குரியது. மனிதருக்கும் தொற்றக்கூடிய புரூசெல்லா கேனிசு கிருமிக்கான குருதிச் சோதனையைப் பயணத்துக்கு முன்னரே செய்வது நன்று.

மோசடிகள்

மோசடியாளர்கள் பிறருடைய நாயின் படத்தைக் காட்டி முன்பணம் பெறுவர். பின்னர் கூண்டு, காப்புறுதி எனக் கட்டணங்களை அடுக்குவர். நேரலை நிகழ்படத்தில் நுண்சில்லை வருடச் செய்து, அதன் 15 இலக்க எண்ணை நாயின் கடவுச்சீட்டுடன் ஒப்பிடுவது ஏமாறாதிருக்க உதவும்.