ஆல்பம் என்பது பீரோ அல்ல!



நான் கும்பகோணத்தைச் சேர்ந்த இல்லத்தரசி. ஐம்பதைத் தாண்டியவள். இந்தப் பகுதியில் வரும் கடிதங்களை ஒன்று விடாமல் படிப்பேன். நானே எழுதினால் ஊறுகாய், வத்தல் என்று ஏதாவது எழுதுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். செல்போனைப் பற்றி எழுத வேண்டி வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை. நான் பட்ட பாடு இன்னொரு சகோதரி படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

2023 மார்கழியில் என் அம்மா காலமானார். அம்மாவின் படங்கள் எல்லாமே என் செல்லில்தான் இருந்தன. கூகுள் போட்டோஸில் ‘அம்மா’ என்று ஒரு ஆல்பம் போட்டு, கிடைத்த படங்களை எல்லாம் அதில் சேர்த்து வைத்திருந்தேன். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் அதைத் திறந்து பார்ப்பது என் வழக்கம்.

2024 தீபாவளி கழிந்த மறுவாரம். செல்லில் ‘இடம் இல்லை, இடம் இல்லை’ என்று ஓயாமல் அறிவிப்பு வந்தது. கேஸ் புக் பண்ணக்கூட செல் மக்கர் செய்தது. ‘அம்மா படம்தான் ஆல்பத்துல பத்திரமா இருக்கே... வெளியில சிதறிக் கிடக்கறதை அழிச்சா என்ன?’ என்று நினைத்தேன். பீரோவில் அடுக்கிய புடவை போக மீதியைப் பழைய துணிக்காரருக்குப் போடுகிற மாதிரி! கூகுள் போட்டோஸின் முதல் பக்கத்தில் வரிசையாகத் தெரிந்த பழைய படங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் ‘ஓகே, ஓகே’ என்று அமுக்கி அழித்தேன். வேகத்தோடு வேகமாக வாட்ஸ்அப்பின் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ பகுதிக்குள் போய், அங்கே குவிந்திருந்த படங்களையும் ஒட்டுமொத்தமாகக் காலி செய்தேன். குட்மார்னிங் படங்கள்தானே அதில் பாதி!

செல் இறக்கை கட்டிப் பறந்தது. எனக்கு ஒரே பெருமை.

மார்கழி பிறந்தது. அம்மாவின் முதலாண்டு தெவசத்துக்குப் பத்து நாள்தான் பாக்கி. பெரிய படமாகப் போட்டு மாட்ட வேண்டும் என்று ஆல்பத்தைத் திறந்தேன். பகீர் என்றது! ‘அம்மா’ என்ற பெயர் மட்டும் இருந்தது. உள்ளே ஒரு படம்கூட இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நல்ல வேளையாக, பெங்களூரில் வேலை பார்க்கும் என் மருமகள் அன்று விடுமுறைக்கு வந்திருந்தாள்.

“அத்தை, அழாதீங்க. எப்ப அழிச்சீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல.”

விரல் விட்டு எண்ணினேன். நாற்பது நாள்.

“அப்ப இன்னும் இருபது நாள் இருக்கு, விடுங்க” என்று சொல்லி, ‘டிராஷ்’ என்ற குப்பைத் தொட்டியைத் திறந்தாள். (சில செல்லில் இதற்கு ‘பின்’ என்று பெயர் இருக்கும்.) உள்ளே அம்மா சிரித்துக் கொண்டிருந்தார்! கூகுளின் சேமிப்பில் ஏற்றப்பட்ட படத்தை அழித்தால் அது 60 நாள் வரை குப்பைத் தொட்டியில் இருக்குமாம். அதற்குள் ‘ரீஸ்டோர்’ கொடுத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். எந்த ஆல்பத்தில் இருந்ததோ அந்த ஆல்பத்திலும் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். 60 நாள் தாண்டினால் அவ்வளவுதான், போனது போனதுதான்.

“ஆல்பத்துல போட்டதை நான் தொடவே இல்லையே, அது ஏன் காணாமப் போச்சு?” என்று கேட்டேன்.

“ஆல்பம்ங்கறது பீரோ இல்லை அத்தை, மளிகை லிஸ்ட் மாதிரி. லிஸ்ட்ல ‘துவரம்பருப்பு’ன்னு எழுதியிருக்கும். டப்பாவைக் கவுத்துக் கொட்டிட்டு லிஸ்ட்டைப் பார்த்தா பருப்பு இருக்குமா? படம் இருக்கறது ஒரே இடத்துலதான். ஆல்பம் அதைக் கை காட்டுது, அவ்வளவுதான்.”

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லிஸ்ட்டைக் கிழித்துப் போட்டால் பருப்புக்கு ஒன்றும் ஆகாது. அதாவது, ஆல்பத்தை மட்டும் அழித்தால் படங்கள் அப்படியே இருக்கும். பருப்பைக் கொட்டினால்தான் ஆபத்து. நான் செய்தது தலைகீழ்!

சந்தோஷத்தில் ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். நான் எடுத்த படங்கள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் நான் தேடிய படம் மட்டும் வரவில்லை. ஊர் வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முல்லையை வைத்துக்கொண்டு அம்மா பூத்தொடுக்கும் படம். அதுதான் எனக்கு அம்மா. அதை மாட்ட வேண்டும் என்றுதான் மனசு கிடந்து துடித்தது.

மருமகள் செட்டிங்ஸைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “அது வாட்ஸ்அப்ல வந்த படமா அத்தை?”

ஆமாம். அண்ணன் அனுப்பியது.

அப்போதுதான் இரண்டாவது பாடம். பேக்கப் என்பதை ‘ஆன்’ செய்துவிட்டால் செல்லில் உள்ள எல்லாப் படமும் தானாக மேலே ஏறிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். ஆண்ட்ராய்டு செல்லில், நாம் கேமராவில் எடுக்கிற படம்தான் தானாக ஏறும். வாட்ஸ்அப்பில் வந்தது, ஸ்கிரீன்ஷாட் போன்றவை எல்லாம் தனித்தனி போல்டர்களில் கிடக்கும். ‘பேக்கப் டிவைஸ் போல்டர்ஸ்’ என்ற இடத்தில் போய் ஒவ்வொன்றாக நாம்தான் ‘ஆன்’ செய்ய வேண்டும். நான் செய்யவில்லை. அந்தப் படத்தை ஆல்பத்தில் சேர்த்ததாக எனக்கு நினைப்பு. சேர்க்கவும் இல்லை. வாட்ஸ்அப்புக்கு உள்ளேயே போய் அழித்ததால் குப்பைத் தொட்டியிலும் இல்லை. யாரைக் குறை சொல்ல? புத்தி கெட்டு நான் செய்த காரியம்.

“பெரியப்பாகிட்ட ஒரிஜினல் இருக்குமே அத்தை, கேளுங்களேன்” என்றாள் மருமகள், ஒன்றும் தெரியாதவளாக.

சகோதரிகளே, அங்கேதான் சங்கடம். அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, அம்மாவின் சங்கிலி யாருக்கு என்று ஒரு பேச்சு வந்தது. நானும் வார்த்தையை விட்டேன், அண்ணனும் விட்டார். அதோடு பேச்சு நின்று போனது. பொங்கல், தீபாவளி எதற்கும் போனில்லை. பிறந்த வீட்டுச் சீர் வந்தது, அண்ணன் வரவில்லை. தெவசத்துக்குக்கூட அங்கே அவர் தனியாக, இங்கே நான் தனியாக என்று ஆகியிருந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். மூன்றாம் நாள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அண்ணியைக் கூப்பிட்டேன்.

“அண்ணி... அந்தத் திண்ணையில பூத்தொடுக்கற படம்... என்கிட்ட இல்லாமப் போச்சு...”

அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமே இல்லை. பிறகு அண்ணன், “அழாதே. நான் அனுப்பறேன். நீ சாப்ட்டியா?” என்றார்.

படம் வந்தது. ஆனால் ஸ்டுடியோக்காரர் பார்த்துவிட்டு, “இதைப் பெருசு பண்ணினா முகம் கலங்கிடும்மா” என்று கைவிரித்தார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடுமாம். நீளவாக்கில் சுமார் 1600 புள்ளிகள்தான் மிஞ்சும். 12 மெகாபிக்சல் செல்லில் எடுத்த ஒரிஜினலில் அதுவே 4000 புள்ளிகள். 18 அங்குலப் படம் போட ஒரிஜினல்தான் வேண்டும். மருமகள் என் அண்ணன் மகளிடம் பேசி, அதே படத்தை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொன்னாள். அப்படி அனுப்பினால் சுருங்காது. எடுத்த தேதியும் கூடவே வரும்.

அந்தத் தேதியைப் பார்த்ததும் இன்னொரு ஆச்சரியம். எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது 2023 பொங்கலன்று. அதனால் பொங்கலுக்கு எடுத்த படம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். உண்மையில் எடுத்தது 2022 புரட்டாசியில், ஒரு சனிக்கிழமை! பெருமாளுக்குத் தொடுத்த மாலை அது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படத்தில் எடுத்த தேதி ஒட்டிக்கொண்டு வராது. நமக்கு வந்து சேர்ந்த நாளைத்தான் செல் காட்டும்.

இதே கூத்து பழைய அட்டைப் படங்களிலும் நடந்தது. அம்மா அப்பாவின் 1969 கல்யாணப் படத்தைச் செல்லில் எடுத்து ஏற்றினால், அது 2024 மார்கழியில் எங்கள் வீட்டுக் கோலத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளினால் கீழே தேதி தெரியும். அதைத் தொட்டு 1969 என்று மாற்றினோம். இப்போது கல்யாணப் படம் முதலில், பேரன் பேத்தியோடு எடுத்த படம் கடைசியில் என்று அம்மாவின் வாழ்க்கை வரிசையாக ஓடுகிறது.

மருமகள் சொல்லச் சொல்ல நான் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்த குறிப்புகளை உங்களுக்கும் தருகிறேன்:

1. கூகுள் போட்டோஸில் உங்கள் முகப்படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில் பேக்கப் ‘ஆன்’ ஆக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ‘பேக்கப் டிவைஸ் போல்டர்ஸ்’ சென்று, வாட்ஸ்அப் படங்கள் வேண்டுமானால் அந்த போல்டரையும் ‘ஆன்’ செய்யுங்கள்.

2. இலவச இடம் 15 ஜி.பி.தான். இமெயில், டிரைவ், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அது. முன்பு ‘ஹை குவாலிட்டி’யில் ஏற்றினால் கணக்கில்லை என்று இருந்தது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றுவதும் கணக்கில் சேர்கிறது. இடம் நிரம்பினால் புதுப் படம் ஏறாது. மாதம் ஒருமுறை பாருங்கள்.

3. செல்லில் இடம் வேண்டுமா? படங்களைத் தேர்ந்தெடுத்து அழிக்காதீர்கள். முதல் பக்கத்தில் சாதாரணமாக அழித்தால் செல்லிலும் போகும், மேலேயும் போகும். ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைக் கொடுத்தால், மேலே ஏறிய படங்களின் செல் பிரதி மட்டும் போகும்.

4. ஆல்பத்தில் ஒரு படம் வேண்டாம் என்றால் ‘ரிமூவ் ஃப்ரம் ஆல்பம்’ கொடுங்கள். ‘டெலீட்’ வேண்டாம்.

5. தெரியாமல் அழித்துவிட்டால் பதறாமல் அன்றே குப்பைத் தொட்டியைப் பாருங்கள். மேலே ஏறிய படத்துக்கு 60 நாள், ஏறாத படத்துக்கு 30 நாள்தான் கெடு. ‘எம்ப்டி டிராஷ்’ பக்கம் கை போகவே கூடாது.

6. கேமரா வைத்திருப்பவர்கள் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, ‘ஏற்றியதும் மூலத்தை அழிக்கவா?’ என்ற கட்டத்தில் டிக் போடாதீர்கள். ஏறியதைத் திறந்து பார்த்த பிறகு கார்டைக் காலி செய்யலாம். கேமரா கடிகாரத்தில் தேதி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அது தப்பானால் ஆல்பம் முழுக்கத் தப்பு.

7. உயிரான படங்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டாம். பென்டிரைவில் ஒரு பிரதி, உடன்பிறந்தவர் வீட்டில் ஒரு பிரதி என்று வையுங்கள்.

ஏழாவது குறிப்பை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. உடன்பிறந்தவர் வீட்டில் ஒரு பிரதி இருந்ததால்தானே படம் திரும்பக் கிடைத்தது!

தெவசத்தன்று காலை ஏழு மணிக்கெல்லாம் அண்ணனும் அண்ணியும் வந்து இறங்கினார்கள். அண்ணி கையில் ஒரு கூடை முல்லை. படத்துக்குச் சாற்ற மாலை கட்ட வேண்டுமே என்று, திண்ணையில் நானும் அண்ணியும் உட்கார்ந்து தொடுத்தோம். சங்கிலிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நாங்கள் தொடுப்பதை என் மருமகள் சத்தமில்லாமல் செல்லில் எடுத்துக் கொண்டிருந்தாள்.

“அத்தை, இது ஏறிடுச்சு. நான் பார்த்துட்டேன்” என்றாள்.

— ஒரு வாசகி, கும்பகோணம்.