மெலிவதற்கு ஒரு மாத்திரை

திருமணம் உறுதியாகி, ஆலயத்தில் ஓலை வாசிக்கும் ஞாயிறு நெருங்கும் வேளையில், ‘இன்னும் சற்று மெலிந்தால் நன்றாயிருக்கும்’ என்ற சொல் மணப்பெண்ணின் செவியில் விழாத வீடுகள் குறைவு. மணமகனிடம் எவரும் அவ்வாறு சொல்வதில்லை. இந்தச் சிறு வேற்றுமை ஒரு மருந்தின் வரலாற்றில் எத்துணைப் பெரிதாய் வெளிப்பட்டது என்பதையே இம்மாதம் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அம்மருந்தின் பெயர் ஃபெனைல்புரோபனோலமின். வாயில் நுழையாத பெயர்தான். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாட்டில் அது மருத்துவரின் சீட்டு இல்லாமலே கடைகளில் தாராளமாய் விற்கப்பட்டது. மூக்கடைப்பு நீங்கச் சளி மருந்துகளிலும், பசியை அடக்க மெலிவு மாத்திரைகளிலும் அது சேர்க்கப்பட்டது. நம் நாட்டிலும் சளி மாத்திரைகள் பலவற்றில் அது கலந்திருந்தது.

அச்சமோ சினமோ கொள்ளும்போது நம் உடலிலேயே சுரக்கும் பொருளைப் போன்று இம்மருந்து நரம்புகளைத் தூண்டுகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூக்கினுள் வீங்கிய சவ்வு வற்றி மூச்சு எளிதாவது அதனால்தான். ஆனால் சுருக்கம் மூக்கோடு நின்றுவிடுவதில்லை. உடலெங்கும் பரவி இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. மூளையில் எங்கேனும் நலிந்த குழாய் ஒன்று இருக்குமாயின், அது வெடித்துவிடக் கூடும்.

1979 முதல் இத்தகைய மூளை இரத்தக்கசிவு பற்றிய செய்திகள் மருத்துவ ஏடுகளில் ஒன்றிரண்டாய் வரத் தொடங்கின. பாதிக்கப்பட்டோரில் மெலிவு மாத்திரை உண்ட இளம்பெண்கள் பலர் இருந்தனர். மருந்துத் தயாரிப்பாளர்களே பணம் தர, யேல் பல்கலைக்கழகத்தினர் 1994-இல் ஆய்வில் இறங்கினர். மூளையில் இரத்தம் கசிந்த, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட 702 பேரையும், அந்நோய் இல்லாத 1,376 பேரையும் ஒப்பிட்டனர். முடிவு 2000-ஆம் ஆண்டு வெளியாயிற்று. இம்மருந்தை மெலிவுக்காக உட்கொண்ட பெண்களுக்கு ஆபத்து ஏறத்தாழ 16 மடங்கு! ஆண்களிடம் அத்தகைய உயர்வு தென்படவில்லை.

அப்படியானால் ஆண்களுக்கு இது தீங்கற்றதா? அவசரப்பட வேண்டாம். ஆய்வில் இடம்பெற்ற ஆண்களுள் ஒருவர்கூட மெலிவு மாத்திரை உண்டவரல்லர். மெலிவு மாத்திரை உண்ட பெண்களோ, நோயுற்றோரில் அறுவர், மற்றோரில் ஒருவர் மட்டுமே. எண்ணிக்கை சிறிது; ஆகவே 16 என்பதைத் துல்லியமான அளவாகக் கொள்ளலாகாது. ஆயினும் ஒன்று தெளிவு. பெண்ணின் உடல் எங்கே வேறுபடுகிறது என்பதை அறியுமுன், அவள் மெலிய வேண்டும் என்ற உலகத்தின் எதிர்பார்ப்பு அவளை மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டது. நம் நோக்கில், பழியில் பாதி மாத்திரைக்கு. மீதி நம் நாவுக்கு.

இவ்வேறுபாடுகள் ஏன் இவ்வளவு தாமதமாய் அறியப்பட்டன? 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கருவுறும் வயதிலுள்ள பெண்களைத் தொடக்க நிலைச் சோதனைகளில் சேர்க்க வேண்டாமெனப் பணித்தது. கருவிலுள்ள சிசுவைக் காக்கும் நல்லெண்ணமே காரணம். அதை நாம் குறை கூறோம். ஆனால் ஆணுடலில் அளந்த அளவே பெண்ணுக்கும் பொருந்துமெனக் கொள்ளும் வழக்கம் அதனால் வலுப்பட்டது. 1993-இல்தான் அவ்விதி மாற்றப்பட்டது.

வேறுபாடு உண்மையிலேயே உண்டு. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்னளவில் தன்னைச் சீர்செய்துகொள்ளும் நேரம் பெண்ணுக்குச் சற்று நீளம். அந்நேரத்தை மேலும் நீட்டும் சில மருந்துகளால் துடிப்புத் தாறுமாறாகும் ஆபத்து அவளுக்கே மிகுதி. நம் வீட்டுக் காபியிலுள்ள கஃபீன் என்னும் ஊக்கப்பொருளையே பாருங்கள். கருவுற்ற கடைசி மாதங்களில் அது உடலை விட்டு நீங்க வழக்கத்தைவிட இரு மடங்குக்கும் மேலான நேரம் ஆகிறது. காலையில் குடித்த காபி இரவிலும் தாயின் உடலில் தங்கியிருக்கும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் கொள்ளும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

யேல் ஆய்வு கையில் கிடைத்ததும், 2000 நவம்பரில் அமெரிக்க அரசு இம்மருந்தின் விற்பனையை நிறுத்துமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. நம் அரசின் தடை 2011 பெப்ரவரியில் வந்தது. இடையில் பத்து ஆண்டுகள்! சிபுட்ரமின் என்ற மற்றொரு மெலிவு மருந்தும் அதே வேளையில் தடை செய்யப்பட்டது. இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துவது அதன் குற்றம்.

ஆனால் தடையோடு கதை முடியவில்லை. ‘முற்றிலும் மூலிகை’ என்று விற்கப்படும் மெலிவுப் பொடிகளிலும் குளிகைகளிலும் இதே சிபுட்ரமின் மறைவாய்க் கலந்திருப்பதை அமெரிக்க அதிகாரிகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்துள்ளனர். எனவே உறையில் உள்ளடக்கம் தெளிவாய் அச்சிடப்படாத எதையும் வீட்டில் சேர்க்க வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளோரும் கருவுற்றோரும் மூக்கடைப்பு மாத்திரையை மருத்துவரைக் கேட்டே உண்க. இதுவரை அறிந்திராத கொடிய தலைவலி ஒரு நொடியில் தாக்கினால், ‘தைலம் தேய்த்துப் படுத்தால் போகும்’ என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்பெண் அண்மையில் என்ன மாத்திரை, என்ன பொடி உண்டாள் என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உறை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.