உங்களுக்குத் தெரியுமா? கோவை டென்னிஸ்: திறமைக்கும் பட்டத்துக்கும் நடுவே

✦ 1968-க்குப் பிந்தைய ஓப்பன் காலத்தில், கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் கோவையில் பிறந்தவர். பெயர் நிருபமா வைத்தியநாதன். 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிஸ்ஸிச்சினியைத் தோற்கடித்தார். அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையர் வெண்கலமும் வாங்கினார். சானியா மிர்சாவுக்கு முந்தைய இந்தப் பெயர் கோவைப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

✦ அவருக்குப் பயிற்சியாளர்? அப்பாதான். தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடிய கிரிக்கெட் வீரர் அவர்.

✦ நிருபமா எட்டிய உச்சத் தரவரிசை 134. உலகத்தில் 134-ஆவது ஆள் என்றால் வேறு எந்தத் தொழிலிலும் கொடிகட்டிப் பறக்கலாம். டென்னிஸில் அது வாசற்படிதான். இன்றைய கணக்குப்படி கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஆடும் 128 பேரில், தரவரிசையால் நேரே நுழைபவர்கள் 104. அமைப்பாளர்கள் நேரடியாக அழைக்கும் வைல்டு கார்டு 8. மிச்சமுள்ள 16 இடங்களுக்குத் தகுதிச் சுற்றில் 128 பேர் முட்டி மோதுகிறார்கள். மூன்று ஆட்டங்களையும் வென்றவருக்கே இடம். உள்ளே போய்விட்டால் நிலைமையே வேறு. 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 1,20,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது.

✦ 2023 செப்டம்பரில் இந்தியாவின் முதல்நிலை வீரர் சுமித் நாகலின் வங்கிக் கணக்கில் இருந்தது 900 யூரோ. ஆண்டுச் செலவு ஒரு கோடி ரூபாய் அளவுக்கு ஆகிறது என்று அவரே சொன்னார். நாலு மாதத்தில் மெல்போர்னில், ஆஸ்திரேலிய ஓப்பனில், போட்டித் தரநிலையில் 31-ஆம் இடம் பெற்றிருந்த அலெக்சாந்தர் புப்ளிக்கை வென்றார்!

✦ தரவரிசைப் புள்ளிக்கு ஆயுள் 52 வாரம். காயம்பட்டுப் படுத்தால் புள்ளி கரைந்துவிடும். சென்னை பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயத்தால் இளமையின் பல ஆண்டுகளை இழந்தார். 75-ஆம் இடத்தைத் தொட்டபோது வயது 29.

✦ டென்னிஸைவிடப் பணம் விழுங்கும் கார் பந்தயத்தில் கோவை உலக மேடை ஏறியிருக்கிறது. 2005-இல் கோவையின் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்னில் முதல் இந்தியர். அதற்கு நெடுநாள் முன்பே எஸ். கரிவரதன் இந்த ஊரிலேயே ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டி, இளைஞர்கள் குறைந்த செலவில் பழக வழி செய்தார். செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். டென்னிஸ் பிள்ளைகளுக்கும் இப்படி ஒருவர் வேண்டும். தரவரிசைப் புள்ளி தரும் போட்டிகள் ஊர்ப்பக்கமே வாராவாரம் நடந்தால் பாதிச் செலவு மிச்சம். ஐரோப்பியப் பையன் ரயிலேறிப் போய் ஆடுகிறான். நம்ம பையன் விமானம் ஏறுகிறான். மில்லும் மோட்டாரும் கட்டிய கொங்கு மண்ணுக்கு அப்படிப் போட்டி நடத்துவது பெரிய காரியமே இல்லை.

✦ கோவை ஸ்ரீராம் பாலாஜி ஒற்றையரில் முதல் 200-க்குள் வரவில்லை. இரட்டையருக்கு மாறினார். 2024 பிரெஞ்சு ஓப்பனில் மெக்சிகோவின் ரெய்ஸ் வரேலாவுடன் சேர்ந்து, ரோகன் போபண்ணா ஜோடியைத் திணறடித்துத் தோற்றார். பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தப் போபண்ணாவுக்கே ஜோடியானார். அப்போது வயது 34.

✦ 2024 முதல் ஆண்கள் டென்னிஸ் சங்கமான ஏ.டி.பி., ஒற்றையரில் முதல் 250 பேருக்குக் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் உறுதி செய்தது. அந்த ஆண்டு 176 முதல் 250 வரை 75,000 டாலர். 251-ஆம் ஆளுக்கு எதுவும் இல்லை. இந்தியப் பையன்களில் பெரும்பாலோர் நிற்பது அதற்கும் கீழேதான்.