நெஞ்சக மருத்துவர் சங்கங்கள்: அமைப்பும் பணியும்

உணவின்றிச் சில வாரம் உயிர் வாழலாம். நீரின்றிச் சில நாள் வாழலாம். மூச்சின்றிச் சில நிமிடங்கள்கூட வாழ இயலாது. அத்தகைய மூச்சைக் காக்கும் மருத்துவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்து இயங்குகிறார்கள் என்பதை நம்மில் பலர் அறியோம். நானும் அறியாதவனாகவே இருந்தேன். என் சித்தப்பாவின் இருமல்தான் எனக்கு அதனை அறிமுகப்படுத்தியது.

சித்தப்பா நம் ஊரை அடுத்த நூற்பாலை ஒன்றில், கார்டிங் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்குச் சென்றால் மாலைக்குள் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். புதன், வியாழனில் தணிந்துவிடும். பீடிப் பழக்கம் என்றார்கள் சிலர். ஆஸ்துமா என்றார் ஒரு மருத்துவர். மருந்தும் மாத்திரையுமாக ஆண்டுகள் ஓடின. இறுதியில் ஒரு நெஞ்சக மருத்துவரிடம் சென்றோம். அவர் முதலில் கேட்டது, “ஏங்க, வாரத்துல எந்தக் கிழமை அதிகமா இருக்குது?” என்பதுதான். “திங்கக்கிழமைதானுங்க” என்றார் சித்தப்பா. அந்த ஒரு விடையில் நோய் பிடிபட்டுவிட்டது.

பஞ்சுத் தூசியால் வரும் அந்நோய்க்கு பிஸினோசிஸ் என்று பெயர். பஞ்சு மட்டுமன்றி ஆளி, சணல் ஆகியவற்றின் தூசியாலும் இது வரும். புளோ ரூம், கார்டிங் ஆகிய தூசி மிகுந்த தொடக்கப் பகுதிகளில் வேலை செய்வோருக்கே மிகுதியாக வருகிறது. பஞ்சில் ஒட்டியுள்ள பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள் மூச்சுக் குழல்களைச் சுருங்கச் செய்கிறது என்பது ஆய்வாளர் கருத்து. நாள்தோறும் தூசியிலேயே இருக்கும்போது உடல் ஓரளவு பழகிவிடும். விடுமுறையில் அப்பழக்கம் விட்டுப்போகும். எனவேதான் திங்கட்கிழமை கடுமை. தொடக்கத்தில் தூசியை விட்டு விலகினால் குணம் உண்டு. நாள்பட்டால் நுரையீரல் நிலையாகவே கெடும்.

“இந்தக் கேள்வியை எங்கே கற்றீர்கள் ஐயா?” என்று அம்மருத்துவரிடம் கேட்டேன். “பாடப் புத்தகத்தில் நாலு வரி இருந்தது, மறந்துவிட்டேன். பிறகு ஒரு மாநாட்டில் ஆலைத் தொழிலாளர்களைப் பரிசோதித்த ஒருவர் பேசினார். அது மறக்கவில்லை” என்றார். அம்மாநாடுகளை நடத்தும் சங்கங்களைப் பற்றியே இனிக் காண்போம்.

தோற்றம்

இந்தியாவில் இத்துறையின் மூத்த சங்கங்களுள் ஒன்று 1939இல் தோன்றிய இந்தியக் காசநோய்ச் சங்கம். மருத்துவர் மட்டுமன்றிப் பொதுமக்களும் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கி அது விற்கும் காசநோய் முத்திரைகளை நம்மில் சிலர் பள்ளியில் வாங்கியிருப்போம். 1953 முதல் ஓர் ஆய்விதழையும் வெளியிட்டு வருகிறது.

காலப்போக்கில் காசநோய் அல்லாத நெஞ்சக நோய்களும் கவனத்திற்கு வந்தன. ஆஸ்துமா, புகையால் வரும் நோய்கள், தொழிலால் வரும் நோய்கள் ஆகியவற்றுக்கெனத் தனி அறிவு வேண்டியதாயிற்று. 1980இல் இந்திய நெஞ்சகச் சங்கம் தோன்றியது. அதன் இதழான ‘லங் இந்தியா’ 1982இல் தொடங்கியது. நெஞ்சக மருத்துவர்களின் தேசியக் கல்லூரி என்ற மற்றோர் அமைப்பும் உண்டு. கல்லூரி என்பது பெயரே. வகுப்பறைகள் கொண்ட கல்லூரியன்று.

அமைப்பு

நம் கல்லூரித் தமிழ் மன்றத்தை அறிந்தவர்க்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். சங்கம் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கூடினால் போதும். நோக்கங்களைக் கூறும் சங்க ஆவணமும் நடைமுறையைக் கூறும் விதிகளும் வேண்டும்.

உறுப்பினர் அனைவரும் கூடிய பொதுக்குழுவே தலைமையானது. அது தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் முதலியோரைத் தேர்ந்தெடுக்கும். நாடு பெரிதாகையால் மண்டலவாரியாகவும் பிரதிநிதிகள் இடம்பெறுவர். தலைவர் பதவி பெருமைக்குரியது; உழைப்பு முழுதும் செயலாளர் தலையில் என்பது இங்கும் பொருந்தும். உறுப்பினர் சந்தாவும் மாநாட்டுக் கட்டணமும் வருவாய். மருந்துக் கம்பெனிகளும் மாநாடுகளுக்குப் பணம் தருவதுண்டு. பணம் தந்தவர் பேச்சைக் கேட்காதிருக்க வேண்டுமே என்னும் கவலையும் அதனோடு வருகிறது. எனவேதான் கணக்குத் தணிக்கையும், கட்டுரையாளர் தம் தொடர்புகளை வெளியிடும் வழக்கமும் இன்றியமையாதன.

பணிகள்

முதற்பணி மாநாடு. மேற்கூறிய இரு சங்கங்களும் 1999 முதல் ‘நாப்கான்’ என்னும் ஆண்டு மாநாட்டைக் கூட்டாக நடத்துகின்றன. இரண்டாவது, ஆய்விதழ். வரும் கட்டுரையைத் துறை அறிஞர் படித்துக் குறை கூறிய பின்னரே அச்சேற்றுவர். மூன்றாவது, சிகிச்சை வழிகாட்டி நெறிகள். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, எது உறுதியான சான்று, எது வெறும் கருத்து எனத் தரம் பிரித்து, அறிஞர் குழு கூடி விவாதித்து எழுதுவது. நிமோனியாவுக்கு 2012இலும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு 2013இலும் இரு சங்கங்களும் சேர்ந்து இவ்வாறு வெளியிட்டன.

ஆய்வும் அதனைப் பரப்புதலும் எத்துணை வலியன என்பதற்கு நம் மாநிலமே சான்று. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், மருந்து ஒழுங்காக உண்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று 1959இல் காட்டியது. பெருந்துறை சானடோரியம் என்றால் அஞ்சிய நம் பாட்டன்மாருக்கு அது எத்தகைய விடுதலை!

முடிவுரை

எனினும் ஒரு குறையைச் சொல்லாதிருக்க முடியவில்லை. சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் பிஸினோசிஸ் உள்ளது. மாநாட்டு மேடையிலும் உள்ளது. கார்டிங் பகுதியில் நிற்பவருக்கு மட்டும் அதன் பெயர் தெரியாது. சட்டம் உரிமை தந்தாலும், நோய் இன்னதென்று மருத்துவர் எழுதித் தந்தாலன்றி அவ்வுரிமை கைக்கு வராது. சங்கத்தின் அறிவு நகரத்து அரங்கிலிருந்து ஆலை மருந்தகத்து மேசைவரை வந்து சேர வேண்டும். அதற்கு எளிய தமிழில் ஒரு துண்டறிக்கை போதும். அதனை எழுதவும் பஞ்சாலை வாயிலில் கொடுக்கவும் நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களால் முடியாதா?

சித்தப்பா இன்று ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன். திங்கட்கிழமை இறுக்கம் இப்போது இல்லை. ஆனால் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறார். அந்தக் கேள்வியைப் பத்தாண்டு முன்பே யாரேனும் கேட்டிருந்தால் முழுதும் ஏறியிருப்பார்.