வெடி இல்லாத தீபாவளி

தீபாவளி வந்தால் துபாய் கராமா கடைகளில் ஒரே கூட்டம். எங்கும் தள்ளுபடி. "அம்மா, இதுவும் வேணும், அதுவும் வேணும்!" என்று கேட்கிறோம், இல்லையா?

சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி என்று ஒரு சிற்றூர். பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. மழைக்காலத்தில் நாரைகளும் கொக்குகளும் அங்கே வந்து கூடு கட்டும், குஞ்சு பொரிக்கும். தீபாவளியும் அப்போதுதான் வரும். வெடிச் சத்தம் கேட்டால் பறவைகள் பயந்து பறந்துவிடும். அப்புறம் குஞ்சுகளுக்கு யார் இரை கொடுப்பது?

அதனால் அந்த ஊர் மக்கள் பல ஆண்டுகளாக வெடி வாங்குவதே இல்லை. "அப்போ தீபாவளி?" அதுவும் உண்டு! புதுத்துணி, பலகாரம், சொந்தபந்தம் எல்லாம் இருக்கும். வனத்துறையினரும் வந்து இனிப்புக் கொடுப்பார்கள்.

இந்த வருடம் நீங்கள் எதை வாங்காமல் இருக்கலாம்? அம்மா அப்பாவிடம் பேசிப் பாருங்கள்.